பயோ-ராட் பிகுளோ கிட்: பாக்டீரியா சாது, கவனம் வேண்டியது பெட்டிக்கு வெளியே

மாணவர்கள் முதன்முறையாக ஓர் உயிரிக்குள் வேற்று மரபணு ஒன்றை ஏற்றிப் பார்க்கும் வகுப்புக்கு, பல நாடுகளில் வாங்கப்படும் பெட்டி பயோ-ராட் நிறுவனத்தின் பிகுளோ டிரான்ஸ்ஃபர்மேஷன் கிட். ஜெல்லி மீனிலிருந்து எடுத்த பச்சை ஒளிர் புரதத்தின் மரபணு, பிளாஸ்மிட் என்ற சிறு டிஎன்ஏ வளையம் ஒன்றில் இருக்கிறது. அதை ஈ. கோலை பாக்டீரியாவுக்குள் ஏற்றினால், மறுநாள் யுவி (புற ஊதா) விளக்கின் கீழ், பாக்டீரியா திரண்டு வளர்ந்த காலனிகள் பச்சையாக மின்னும். 2008-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றுத் தந்த அதே புரதம்தான். மின்னுமா மின்னாதா என்று இங்கே பார்க்கப்போவதில்லை. ஒழுங்காகச் செய்தால் மின்னும். மரபணு மாற்றிய உயிரியைக் கையாளும் பழக்கத்தை மாணவருக்கு இந்தப் பெட்டி எவ்வளவு தூரம் கற்றுத் தருகிறது, எங்கே கைவிட்டுவிடுகிறது என்பதே கேள்வி.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: 5-க்கு 4. குறைந்த அந்த ஒன்று, உள்ளே இருக்கும் எந்தப் பொருளாலும் குறையவில்லை. கழிவைப் பற்றிக் கையேடு சொல்லும் ஒரு வரி நம் ஊரில் தப்பாகப் புரிந்துகொள்ளப்படும், பாக்டீரியா வளர்க்கும் பிளேட் எண்ணிக்கையில் கஞ்சத்தனம் இருக்கிறது, இந்த இரண்டுக்காகத்தான்.

பெட்டிக்குள்

8 மேசைகளுக்குப் பொருள் வரும். மேசைக்கு 4 பேர் என்றால் 32 மாணவர். உலர்த்திய நிலையில் எச்பி101 என்ற ஈ. கோலை வகை, உலர்ந்த பிளாஸ்மிட் 20 மைக்ரோகிராம், ஆம்பிசிலின் என்ற ஆன்டிபயாட்டிக் 30 மில்லிகிராம், அராபினோஸ் என்ற சர்க்கரை 600 மில்லிகிராம், பாக்டீரியாவுக்கு உணவாகும் எல்பி அகார் பொடி 500 மில்லி தயாரிக்கும் அளவுக்கு, திரவ எல்பி, 50 மில்லிமோலார் கால்சியம் குளோரைடு கரைசல். இவற்றோடு 60 மில்லிமீட்டர் பெட்ரி தட்டுகள் 40, ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் 10 மைக்ரோலிட்டர் லூப்புகள் (நுனியில் வளையம் உள்ள குச்சிகள்), அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் துளிப்பான்கள், மூடியுள்ள சிறு குழாய்கள், அவற்றை மிதக்கவிடும் நுரைத் தாங்கிகள்.

தீச்சுடர் வேண்டியதில்லை. கம்பி லூப்பைச் சிவக்கக் காய்ச்சி, ஆறுமுன் காலனியில் வைத்து, அது சொய்யென்று தெறிப்பதுதான் புதிய மாணவர் மேசையில் நுண்துளிகள் கிளம்ப வழக்கமான காரணம். கண்ணாடிக் குச்சியை எத்தனாலில் முக்கிப் பற்றவைக்கும் முறையில், குச்சியின் தீ எத்தனால் கிண்ணத்துக்கே பாய்ந்துவிடுவதும் உண்டு. பிளாஸ்டிக் லூப்பாலேயே பரப்பச் சொல்லும் இந்தக் கிட் இரண்டையும் ஒரே அடியில் நீக்கிவிடுகிறது. துளிப்பானுக்குத் தலையில் ரப்பர்க் குமிழ் போன்ற பகுதி சேர்ந்தே இருப்பதால் வாயால் உறிஞ்சும் பேச்சுக்கே இடமில்லை. அளவுக்கோடு நுட்பமாக இராது. 250 மைக்ரோலிட்டர் என்றால் 230-ம் வரும், 270-ம் வரும். இந்தச் சோதனைக்கு அது போதும்.

யுவி விளக்கு தனியாக வாங்கவேண்டியது. ஆர்டர் போடும்போது விற்பவரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். இதைப் பற்றிக் கீழே இன்னும் கொஞ்சம்.

எச்பி101 ஏன் சாது

கே-12 என்ற ஈ. கோலை வம்சம் 1922-இல் பிரித்தெடுக்கப்பட்டது. அதன்பின் நூறாண்டுகளாகச் செயற்கை ஊடகத்திலேயே வளர்ந்து, மேற்பரப்பின் ஓ ஆன்டிஜன் என்ற சர்க்கரைச் சங்கிலியை இழந்துவிட்டது. குடலுக்குள் போனாலும் நிலைத்துக் குடியேற அதனால் முடியாது. எச்பி101 அந்த வம்சத்திலிருந்து இன்னும் முடமாக்கப்பட்ட ஒன்று. லூசின், புரோலின் என்ற இரண்டு அமினோ அமிலங்களைத் தானே செய்துகொள்ளத் தெரியாது. ரெக்ஏ மரபணு கெட்டுப்போயிருப்பதால் ஏற்றிய டிஎன்ஏ அதன் குரோமோசோமோடு கலந்து இடம் மாறுவது அரிது. யுவி பட்டால் சேதத்தைச் சரிசெய்யவும் வராது. அராபினோஸை உண்ணவும் முடியாது. அதனால்தான் இங்கே அராபினோஸ் உணவாகச் செலவழியாமல், மரபணுவை முடுக்கும் விசையாக மட்டும் வேலை செய்கிறது. சோதனை வடிவமைப்பும் பாதுகாப்பும் ஒரே மரபணுக் குறைபாடுகளில் வந்து கூடுவது அழகு.

பிளாஸ்மிட்டில் ஆம்பிசிலினை முறிக்கும் மரபணு உண்டு. ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தானே பாய்வதற்கான மரபணுக்கள் அதில் இல்லை. ஆம்பிசிலின் எதிர்ப்பு பிளாஸ்மிட்டால் வந்தது என்பதை எல்லா மாணவரும் எழுதுவார்கள். ஸ்ட்ரெப்டோமைசின் எதிர்ப்பு எச்பி101-க்கு ஏற்கனவே குரோமோசோமில் இருக்கிறது என்பதைப் பெரும்பாலும் யாரும் எழுதுவதில்லை. இடர் மதிப்பீட்டுப் படிவத்தில் இரண்டையும் எழுதவேண்டும்.

சாதுவான வகை என்றால் வந்த வகை அதுதானா என்று பார்க்காமல் விடலாம் என்றாகாது. 2017-இல் ஜெர்மனியின் பவேரியாவில், இணையத்தில் விற்கப்பட்ட அமெரிக்க கிரிஸ்பர் (மரபணுத் திருத்த) வீட்டுக் கிட் ஒன்றைச் சோதித்தபோது, உள்ளே இருக்கவேண்டிய சாதுவான ஈ. கோலையோடு நோய் உண்டாக்கக்கூடிய, பல மருந்துகளை எதிர்க்கும் பாக்டீரியாக்களும் இருந்தன. ஐரோப்பிய நோய்த் தடுப்பு மையம் அந்த மே மாதமே இடர் மதிப்பீடு வெளியிட்டது. பிகுளோவில் இதற்கு ஒரு சோதனை கூடவே வருகிறது: பிளாஸ்மிட் சேர்க்காத பாக்டீரியாவை ஆம்பிசிலின் பிளேட்டில் பரப்பும் மைனஸ் பிளேட். அதில் ஒரு காலனிகூட வரக்கூடாது. மேலும் உறுதி வேண்டுபவர்கள், லாக்டோஸை உண்ணும் பாக்டீரியா இளஞ்சிவப்பாகத் தெரியும் மெக்காங்கி அகாரில் ஒரு கோடு இழுத்துப் பார்க்கலாம். எச்பி101 லாக்டோஸை உள்ளே இழுக்கத் தெரியாத வகை. காலனிகள் வெளிறியே வரும். ஈ. கோலை என்றால் இளஞ்சிவப்பாக வரவேண்டும் என்று பாடத்தில் படித்தவர்கள், இதைப் பார்த்து வேறு கிருமி கலந்துவிட்டது என்று பதறுவார்கள். பதற வேண்டாம், இளஞ்சிவப்பு வந்தால்தான் யோசிக்க வேண்டும்.

வேலை நடக்கும் விதம்

பிளேட் ஊற்றும் வரிசையை மாற்றவே கூடாது. 500 மில்லி வாலை நீரில் அகார் பொடியைக் கொதிக்கவைத்து, 55 டிகிரிக்கு ஆறவிட வேண்டும். முதலில் வெறும் எல்பி 16 பிளேட். மீதியில் ஆம்பிசிலினைக் கலந்து 16. அதிலும் மீந்ததில் அராபினோஸைக் கலந்து 8. தட்டுக்கு 10 மில்லி. ஆம்பிசிலினை முன்கூட்டியே கலந்துவிட்டால் திரும்ப எடுக்க வழியில்லை. 60 டிகிரிக்கு மேல் சூடிருக்கும்போது கலந்தால் ஆம்பிசிலின் சிதைந்துவிடும். மறுநாள் மைனஸ் பிளேட்டிலும் பாக்டீரியா வளர்ந்து நிற்கும், எது மாறியது எது மாறாதது என்று யாராலும் சொல்ல முடியாது. கையால் தொட்டு மட்டிடுவதைவிட வெப்பமானியை நம்புங்கள். மைக்ரோவேவில் கொதித்த அகாரை உடனே ஆட்டினால் குப்பென்று பொங்கிக் கையில் ஊற்றும். ஒரு லிட்டர்க் குடுவையில் 500 மில்லிக்கு மேல் வைக்காதீர்கள். வெளியே எடுத்ததும் அரை நிமிடம் அப்படியே விட்டுவிடுங்கள்.

இங்கேதான் முன்சொன்ன கஞ்சத்தனம். 16, 16, 8 கூட்டினால் 40. தட்டுகளும் 40. ஒன்று கீழே விழுந்தாலோ, ஒன்றில் பூஞ்சை வந்தாலோ மாற்றுக்குத் தட்டு கிடையாது. அகார் 100 மில்லி மிஞ்சும். ஆகவே ஒரு பாக்கெட் தட்டு மட்டும் கூடுதலாக வாங்கிவைத்தால் போதும்.

ஆம்பிசிலின் பொடியைக் கரைப்பது ஆசிரியர் வேலையாகவே இருக்கட்டும். 3 மில்லி கால்சியம் குளோரைடு கரைசல் விட்டு மெதுவாகச் சுழற்றினால் போதும். பென்சிலின் ஒவ்வாமை உள்ள மாணவர் இருக்கிறாரா என்று முந்தைய வாரமே கேட்டுவிட வேண்டும். ஒவ்வாமை உள்ளவரைச் சோதனையிலிருந்து விலக்கத் தேவையில்லை. ஆம்பிசிலின் பொடி, கரைசல், பிளேட் ஊற்றுவது ஆகியவற்றிலிருந்து விலக்கினால் போதும். அராபினோஸ் கரைய நேரம் பிடிக்கும். பத்து நிமிடம் ஆனாலும் அவசரப்பட்டுச் சூடாக்க வேண்டாம்.

மாணவர் செய்யும் பகுதி ஒரு மணி நேரத்துக்குள் அடங்கும். பிளஸ், மைனஸ் என்று குறித்த இரு குழாய்களிலும் 250 மைக்ரோலிட்டர் கால்சியம் குளோரைடு கரைசல். இரண்டும் பனிக்கட்டியில். முந்தைய நாள் பாக்டீரியா வளர்த்த தொடக்கப் பிளேட்டிலிருந்து ஒரே ஒரு காலனியை லூப்பில் எடுத்து, குழாயினுள் லூப்பைச் சுழற்றி, கட்டி எதுவும் இல்லாமல் கரைக்க வேண்டும். ஒவ்வொரு குழாய்க்கும் புது லூப். பிறகு பிளஸ் குழாயில் மட்டும் ஒரு லூப் பிளாஸ்மிட். லூப்பின் வளையத்தில் சோப்புக் குமிழி ஊதும்போது தெரிவதுபோல் மெல்லிய படலம் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் எதுவும் ஏறவில்லை. பனியில் 10 நிமிடம், 42 டிகிரி நீரில் 50 வினாடி, மறுபடி பனியில் 2 நிமிடம். 250 மைக்ரோலிட்டர் எல்பி திரவம் சேர்த்து அறை வெப்பத்தில் 10 நிமிடம். பிறகு பிளேட்டுக்கு 100 மைக்ரோலிட்டர்.

காலனியே வராமல் போவதற்கு அடிக்கடி காணும் காரணம் அந்த 50 வினாடிதான். பனிப்பெட்டி ஒரு மூலையிலும் வாட்டர் பாத் இன்னொரு மூலையிலும் இருக்கும். நடந்து போவதற்குள் குழாய் சூடாகிவிடும். இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். பனிக்கட்டி மட்டும் போட்டால் குழாய்க்கும் கட்டிக்கும் நடுவே காற்றுதான் இருக்கும். கொஞ்சம் நீர் விட்டுக் கூழாக்க வேண்டும். நுரைத் தாங்கியில் குழாயை முழுதும் கீழே அழுத்தினால்தான் அடிப்பகுதி வெந்நீரில் படும்.

எண்ணிக்கையும் சரிபார்க்கத் தக்கதுதான். பிளாஸ்மிட் 250 மைக்ரோலிட்டரில் கரைத்தால் மைக்ரோலிட்டருக்கு 0.08 மைக்ரோகிராம். ஒரு லூப்பில் 0.8. குழாயில் மொத்தம் 510 மைக்ரோலிட்டர். அதில் 100 பரப்பினால் பிளேட்டில் சுமார் 0.16 மைக்ரோகிராம். கையேடு எதிர்பார்ப்பது ஒரு மைக்ரோகிராம் பிளாஸ்மிட்டுக்கு 800 முதல் 7,000 வரை மாறிய பாக்டீரியா. ஆக பிளேட்டில் ஏறக்குறைய 130 முதல் 1,100 காலனி. பத்து மட்டுமே வந்தால் எங்கோ தப்பு நடந்திருக்கிறது. பாய் விரித்தாற்போல் வந்தால் ஆம்பிசிலின் இல்லை.

பாதுகாப்பு நோக்கில் பார்த்தால் மூன்று இடங்களில்தான் நுண்துளி கிளம்பும். உலர்ந்த பாக்டீரியாக் குப்பியைத் திறப்பது ஒன்று. பொடி பறக்காமல் மெதுவாகத் திறந்து, 250 மைக்ரோலிட்டர் கால்சியம் குளோரைடு கரைசலைக் குப்பிச் சுவர் வழியாக இறக்கிவிட வேண்டும். லூப்பைக் குழாய்க்குள் வைத்து உதறுவது இரண்டாவது. வெந்நீரில் இருந்த குழாயின் மூடியை முகத்துக்கு நேரே பட்டென்று திறப்பது மூன்றாவது. மூன்றையும் மாணவருக்கு முதலில் சாயம் கலந்த நீரில் செய்துகாட்டி, மேசையில் விரித்த வெள்ளைத் தாளில் தெறித்த புள்ளிகளை எண்ணச் சொன்னால், அறிவுரை எதுவும் தேவையில்லை.

37 டிகிரியில் பிளேட்டைக் கவிழ்த்து வைத்து ஓர் இரவு. 24 மணி நேரத்தைத் தாண்டினால் பெரிய காலனிகளைச் சுற்றிக் குட்டிக் காலனிகள் முளைக்கும். மாறிய பாக்டீரியா கசியவிடும் நொதி சுற்றிலும் ஆம்பிசிலினைத் தின்றுவிடுவதால், மாறாதவையும் அங்கே பிழைத்துக்கொள்கின்றன. வெள்ளிக்கிழமை வைத்துத் திங்கட்கிழமை திறக்கும் வகுப்புகளில் இது தவறாமல் நடக்கும். சோதனை கெடுவதோடு நிற்காது. மூன்று நாள் பழைய பிளேட்டில் வளர்ந்து கிடக்கும் பூஞ்சையும் பெயர் தெரியாத பாக்டீரியாவும் எச்பி101-ஐவிட ஆபத்தானவை. டேப் ஒட்டி, திறக்காமல், மூடி வழியாகவே எண்ண வேண்டும். நேரம் தள்ளிப்போகும் என்றால் 24 மணி நேரத்தில் எடுத்து 4 டிகிரி ஃபிரிட்ஜில் வையுங்கள். அந்த ஃபிரிட்ஜில் யாருடைய மோர்ப் பாட்டிலும் இருக்கக்கூடாது.

விளக்கு விஷயம். ஒளிர வைக்க 395 நானோமீட்டர் சுற்றிய நீண்ட அலை யுவி போதும். அது தட்டின் பிளாஸ்டிக் மூடி வழியாகவே போகும், திறக்கவேண்டிய அவசியமில்லை. தனியாக விளக்கு வாங்கச் சோம்பி, டிஎன்ஏ ஜெல் பார்க்க வைத்திருக்கும் 302 அல்லது 312 நானோமீட்டர் யுவி மேடையான டிரான்ஸ்இல்லுமினேட்டரில் பிளேட்டை வைத்துக் குனிந்து பார்க்கும் பழக்கம் பல ஆய்வகங்களில் உண்டு. கண் வெண்படலம் வெந்துபோவதற்கு அது நேரான வழி. எரிச்சல் உடனே தெரியாது, சில மணி நேரம் கழித்துத்தான் கண்ணில் மணல் விழுந்தாற்போல் இருக்கும். பேனா வடிவ விளக்கின் விலை அதற்குமுன் ஒன்றுமில்லை.

இன்னொன்று: சிந்திய இடத்தை யுவி விளக்கால் தேடிப் பிடிக்கலாம் என்று சிலர் நம்புகிறார்கள். அராபினோஸ் உள்ள பிளேட்டில் மட்டும்தான் புரதம் உருவாகிறது. குழாயில் இருக்கும் மரபணு மாறிய பாக்டீரியா மேசையில் சிந்தினால் எதுவும் மின்னாது. மின்னவில்லை, ஆகவே சுத்தம் என்று முடிவுகட்டுவது தப்பு.

கையேட்டில் இருக்கும் அந்த ஒரு வரி

ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியால் கிருமி கொல்லும் கருவி) இல்லாதவர்கள் 10 சதவீத பிளீச்சில் 20 நிமிடம் ஊறவைக்கலாம் என்று கையேடு சொல்கிறது. அமெரிக்கக் கடையில் வெகுகாலம் விற்ற வீட்டு பிளீச்சில் ஏறக்குறைய 5 சதவீதம் சோடியம் ஹைப்போகுளோரைட் இருந்தது. அதில் ஒரு பங்கு, நீர் ஒன்பது பங்கு. அதாவது ஹைப்போகுளோரைட் 0.5 சதவீதம். நம் ஊர் ரசாயனக் கடையில் கிடைப்பது பெரும்பாலும் 4 சதவீதக் கரைசல், சிலநேரம் 10 சதவீதம். ‘10 சதவீதம்’ என்ற சொல்லைப் படித்துவிட்டு 10 சதவீத ஹைப்போகுளோரைட்டையே நீர் சேர்க்காமல் ஊற்றினால், தேவையைப்போல் இருபது மடங்கு. மூக்கும் கண்ணும் எரியும், எஃகுத் தொட்டி அரிக்கும். மறுபக்கம், 4 சதவீதக் கரைசலை ஒன்றுக்கு ஒன்பது என்று கலந்தால் 0.4-தான் வரும். அதுவும் சென்னை வெயிலில் மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்த பாட்டிலாக இருந்தால் குளோரின் பாதி ஓடியிருக்கும்.

கணக்கு சுலபம்: 4 சதவீதக் கரைசல் 125 மில்லி, நீர் 875 மில்லி. அன்றன்று கலந்து, மீந்ததை அன்றே கொட்டிவிட வேண்டும். பாட்டிலில் வாங்கிய தேதியை எழுதுங்கள். மேசைக்கு ஓர் அகன்ற கிண்ணத்தில் வைத்து, பயன்படுத்திய லூப், துளிப்பான், குழாய் எல்லாம் முழுக மூழ்கும்படி போட வேண்டும். துளிப்பான் மிதந்தால் உள்ளே காற்று இருக்கிறது. உள்ளே பிளீச் ஏறவில்லை. குமிழை அழுத்தி உறிஞ்சவைத்துத்தான் போடவேண்டும். அகார், எல்பி போன்ற சத்துப் பொருள் குளோரினைக் குடித்துவிடும் என்பதால் 20 நிமிடத்தைவிட 30 நிமிடம் நல்லது. குழாய்களில் மிஞ்சும் திரவம் மொத்த வகுப்புக்கும் 5 மில்லி அளவுதான். அதைச் சின்ன விஷயமாக நினைத்து நேரே சாக்கடையில் ஊற்றுவதுதான் மரபணு மாற்றிய உயிரியை வெளியேற்றுவது என்பதன் நேரடிப் பொருள்.

பிளேட்டுகளுக்கு ஆட்டோகிளேவ்தான். பிளீச்சில் ஊறிய எதையும் ஆட்டோகிளேவில் வைக்கக்கூடாது. குளோரின் வாயு கிளம்பும், பாத்திரமும் பாழாகும். ஊடகம் தயாரிக்கப் பழகிய 121 டிகிரி, 15 பிஎஸ்ஐ, 15 நிமிடம் என்ற கணக்கு கழிவுக்குப் போதாது. பையில் அடுக்கிய 40 தட்டுகளின் நடுவில் இருப்பதற்கு வெப்பம் போய்ச்சேரவே அவ்வளவு நேரம் ஆகும். 45 நிமிடம் வையுங்கள். பையின் வாயை இறுகக் கட்டினால் உள்ளே காற்று அடைபட்டு, நீராவி நுழையாமல், வெறும் சூடான காற்றில் தட்டு வாட்டமடையும், பாக்டீரியா சாகாது. வாயைத் தளர்த்தி, பைக்குள் 100 மில்லி நீர் ஊற்றி, அடியில் ஓர் உலோகத் தட்டு வையுங்கள். பாலிஸ்டைரீன் தட்டு உருகி, அகாரோடு சேர்ந்து ஒழுகி, ஆட்டோகிளேவ் அடியில் பாறையாக உறையும். சுரண்டி எடுக்கப்போகிற ஊழியரிடம் கேட்டால் தெரியும். ஆட்டோகிளேவின் கொள்ளளவில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அடைக்க வேண்டாம். குக்கர் வகை ஆட்டோகிளேவ் என்றால் நீராவி தொடர்ந்து சீறி வரும்வரை காற்றை வெளியேற்றிய பிறகுதான் வால்வை மூட வேண்டும். முள் 15 பிஎஸ்ஐ காட்டினாலும் உள்ளே காற்று கலந்திருந்தால் 121 டிகிரி வராது.

பையில் ஒட்டும் டேப்பில் கறுப்புக் கோடு வந்தால் அந்த டேப் சூடானது என்றுதான் பொருள். உள்ளே செத்ததா என்று அறிய வெப்பம் தாங்கும் ஜியோபாசில்லஸ் ஸ்டியரோதெர்மோஃபிலஸ் பாக்டீரியாவின் வித்துகள் உள்ள குப்பியைப் பையின் நடுவில் வைத்து, பிறகு 55 முதல் 60 டிகிரியில் வளர்த்துப் பார்க்க வேண்டும். கூடவே ஆட்டோகிளேவுக்குப் போகாத குப்பி ஒன்றையும் வளர்க்க வேண்டும். அதில் வளர்ச்சி வந்தால்தான் மற்றதன் அமைதிக்கு மதிப்பு. மாணவருக்குப் பச்சை வெளிச்சத்தைக் காட்டும் அதே அக்கறையோடு இந்த இரண்டு குப்பிகளையும் காட்டலாம்.

கைக்கும் கைபேசிக்கும் நடுவே

2010 ஆகஸ்டு முதல் 2011 ஜூன் வரை அமெரிக்காவின் 38 மாநிலங்களில் 109 பேருக்குச் சால்மொனெல்லா தொற்று வந்தது, ஒருவர் இறந்தார். கல்லூரி நுண்ணுயிரியல் ஆய்வகங்களிலும் மருத்துவ ஆய்வகங்களிலும் பயன்படும், விற்பனைக்குக் கிடைக்கும் வகையோடு அது ஒத்திருந்தது. 2014-இல் மறுபடி 13 மாநிலங்களில் 41 பேர். ஆய்வகத்துக்குள் காலே வைக்காத குழந்தைகளும் இதில் அடக்கம். பேனா, குறிப்பேடு, பை, கைபேசி வழியாக வீட்டுக்குப் போயிருக்கிறது. முதல் தொற்றின் அனுபவத்துக்குப் பிறகுதான், 2012-இல், கற்பிக்கும் ஆய்வகங்களுக்கென்றே அமெரிக்க நுண்ணுயிரியல் சங்கம் வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது.

எச்பி101 சால்மொனெல்லா அல்ல. ஆனால் பிகுளோவில் பழகும் கைதான் மூன்றாம் ஆண்டில் சால்மொனெல்லாவைத் தொடப்போகிறது. பச்சையாக மின்னியதும் அறை முழுக்கக் கைபேசி கிளம்பும். கையுறையோடு படம் எடுத்து, அதே கைபேசியைக் காதில் வைப்பார்கள். இதற்குக் கண்டிப்பு வேலைக்கு ஆகாது. ஆய்வகத்துக்கென்று ஒரு பழைய கைபேசியை ஜிப் பையில் போட்டு, ஒருவர் மட்டும் எல்லா மேசைக்கும் படம் எடுத்து அனுப்பட்டும். குறிப்பு எழுத ஆய்வகத்திலேயே தங்கும் தாள், ஆய்வகத்திலேயே தங்கும் பேனா. ஆய்வகத்தில் அணியும் கோட்டு வாசலைத் தாண்டக்கூடாது. வெளியேறும்போது சோப்பு போட்டு 20 வினாடி கைகழுவல். சானிடைசர் அதற்கு மாற்று ஆகாது.

இந்தியாவில் வாங்குமுன் செய்யவேண்டிய காகித வேலை

சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த 1989 விதிகள்தான் இங்கே அடிப்படை. உயிரித் தொழில்நுட்பத் துறையின் 2017 வழிகாட்டு நெறிகளின்படி, ஆபத்தற்ற முதல் பிரிவு நுண்ணுயிரியில் மரபணு சேர்ப்பது முதல் வகைச் சோதனை. இதற்கு முன் அனுமதி தேவையில்லை. ஆனால் நோக்கம், வடிவமைப்பு, பயன்படும் உயிரி ஆகியவற்றை நிறுவன உயிர்ப்பாதுகாப்புக் குழுவான ஐபிஎஸ்சிக்குத் தெரிவிக்க வேண்டும். இரண்டாம் வகைக்கு ஐபிஎஸ்சியின் முன் அனுமதி, மூன்றாம் வகைக்கு மேலே மரபணு மாற்ற ஆய்வுக் குழுவான ஆர்சிஜிஎம் அனுமதியும். ‘பள்ளிக்கூடக் கிட்தானே’ என்று தெரிவிக்காமல் விடுவதே அதிகம் நடக்கிறது. குழுவில் மருத்துவம் படித்த ஒருவர் உயிர்ப்பாதுகாப்பு அலுவலராகவும், துறை நியமிக்கும் ஒருவர் உறுப்பினராகவும் இருக்க வேண்டும். கல்லூரியில் குழுவே இல்லை என்றால், ஐபிகேபி என்ற இந்திய உயிர்ப்பாதுகாப்பு இணையத்தளத்தில் குழுவைப் பதிவுசெய்யும் வேலையிலிருந்து தொடங்குங்கள். கிட் ஆர்டர் அதற்குப் பிறகு.

கழிவு விஷயத்தில் ஒரு சிக்கல். 2016 உயிர்மருத்துவக் கழிவு விதிகள் கல்வி நிறுவனங்களையும் கட்டுப்படுத்தும். ஆனால் 1989 விதிகளுக்குள் வரும் மரபணு மாற்றிய நுண்ணுயிரிகளைத் தம் வரம்பிலிருந்து விலக்கிவைக்கின்றன. ஆகவே மஞ்சள் பையில் போட்டுக் கழிவு வண்டியில் ஏற்றிவிட்டால் கடமை முடிந்தது என்று எண்ணக்கூடாது. உயிரோடு எதுவும் ஆய்வகக் கதவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது கல்லூரிதான். ஆட்டோகிளேவ் செய்த தேதி, நேரம், வித்துக் குப்பியின் முடிவு, கையெழுத்து என நான்கு கட்டம் போட்ட பதிவேடு ஒன்று இருந்தால் போதும்.

மாற்று உண்டா

காலனியின் நிறத்தைப் பார்த்து அறியும் நீலம்-வெள்ளை காலனி முறையில் அமைந்த கிட்டுகள் விலை குறைவு, கருத்தும் நன்றாகப் புரியும். ஆனால் எக்ஸ்-கால் என்ற பொருளை டைமெத்தில்ஃபார்மமைடில் கரைக்க வேண்டியிருக்கும். அது வழக்கமான நைட்ரைல் கையுறையைச் சில நிமிடங்களில் ஊடுருவி, தோல் வழியாகவே உடலுக்குள் போகும். 32 மாணவர் அறையில் அதைத் திறப்பதைவிடப் பிகுளோவின் விலையைக் கொடுக்கலாம். வீட்டில் செய்து பார்க்கும் கிட்டுகள் கல்லூரிக்கு உதவாது: ஐபிஎஸ்சியிடம் காட்ட வகைப்பெயரும் பிளாஸ்மிட் வரைபடமும் தெளிவாக வேண்டும்.

கிட்டோடு சேர்த்து ஆர்டர் போடவேண்டியவை: 60 மில்லிமீட்டர் தட்டு ஒரு பாக்கெட், 395 நானோமீட்டர் விளக்கு, வெப்பமானி இரண்டு (ஒன்று வாட்டர் பாத்துக்கு, அதன் திரையில் தெரியும் எண்ணை நம்ப வேண்டாம்), வித்துக் குப்பி, உலோகத் தட்டு, அன்று வாங்கிய ஹைப்போகுளோரைட். பிளேட்டை வியாழக்கிழமை ஊற்றி, ஈரம் வற்ற இரண்டு நாள் அறை வெப்பத்தில் விட்டு, திங்கட்கிழமை மதியம் தொடக்கப் பிளேட்டில் கோடு இழுத்தால், செவ்வாய் மதியம் சோதனை, புதன் மதியம் முடிவு, புதன் மாலை ஆட்டோகிளேவ், வெள்ளிக்குள் வித்துக் குப்பியின் பதில். இடையில் விடுமுறை விழும் வாரம் என்றால் அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிடுங்கள். உலர்ந்த பாக்டீரியா காத்திருக்கும், வளர்ந்த பிளேட் காத்திருக்காது.